சிறுவயதுத் தப்புகளைத் தன்வரலாற்றில் எழுதுவது: கேள்வி பதில்

தன்வரலாறு எழுதுகிறவர்களின் கைப்பிரதிகளைப் பல வருடங்களாகத் திருத்திக் கொடுக்கிறேன். சிறுவயதில் செய்த தப்பை எப்படி எழுதுவது என்று வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

மதுரை: ‘சத்திய சோதனை’யில் காந்தி தங்கம் திருடிய கதை சில பக்கம்தான். ஆனாலும் மறக்கவே முடியவில்லையே, ஏன்?

தன் மனசு பட்ட பாட்டைவிட அப்பாவை அதிகம் காட்டுகிறார், அதனால்தான். வயது 15. இன்னொருவருக்கு 25 ரூபாய் கடன் வைத்திருந்த அண்ணனின் கையில் கெட்டித் தங்கக் காப்பு ஒன்று இருந்தது. அதில் ஒரு துண்டை வெட்டிக் கடனை அடைத்தார்கள். மனசு தாங்காமல் காந்தி எல்லாவற்றையும் சீட்டில் எழுதி, தண்டனையும் கேட்டு, நோயாகப் படுத்திருந்த அப்பாவிடம் கொடுக்கிறார்.

அப்புறம் நடப்பதைப் பாருங்கள். வெறும் மரப்பலகையில் படுத்திருந்தவர் படிப்பதற்காக எழுந்து உட்காருகிறார். கண்ணீர் வழிந்து காகிதம் நனைகிறது. கொஞ்ச நேரம் கண்ணை மூடி யோசித்துவிட்டு, சீட்டைக் கிழித்துப் போட்டு மறுபடி படுத்துக்கொள்கிறார். அப்பா கோபப்படுவார், தலையில் அடித்துக்கொள்வார் என்று பயந்ததையும் காந்தி மறைக்கவில்லை. ஓவியனாக இருந்தால் இன்றைக்கும் அந்தக் காட்சியை அப்படியே வரைந்துவிடுவேன் என்கிறார். வரைந்துதான் இருக்கிறார்.

ஆனால் அதே அத்தியாயத்தின் தொடக்கத்தில் இன்னொரு திருட்டு இருக்கிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பீடி வாங்க வேலைக்காரரின் காசைத் திருடியது. அந்த வேலைக்காரர் யார், காசு குறைந்தபோது என்ன செய்தார்? ஒரு வரி இல்லை. நம்மைவிட எளியவருக்குச் செய்த தப்பில்தான் அவர் முகம் முதலில் மறந்துபோகிறது. எழுத உட்காருகிற எல்லாரிடமும் நான் கேட்பது இதைத்தான்: யாருக்குச் செய்தீர்கள்? அவரைக் காட்டுங்கள்.

கோவை: பெயரை மாற்றி எழுதலாமா?

மாற்றுங்கள். ஊர், தொழில், உறவுமுறையிலும் அடையாளம் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலூர்: பழைய காலத்துக் கிறிஸ்தவ ஞானி அகஸ்டின் தன்வரலாற்றில் பேரிக்காய் திருடியதற்கு ஏன் இவ்வளவு பக்கம்? பெரிய பாவமெல்லாம் இருக்கிறதே!

காரணமே இல்லாமல் செய்தது என்பதால். பதினாறு வயதில், படிப்பு நின்று ஊரில் சும்மா இருந்த வருடம். கூட்டாளிகளோடு ராத்திரியில் மரத்தை உலுக்கினார்கள். பசி இல்லை, வீட்டில் இதைவிட நல்ல பழம் இருந்தது. பறித்ததில் பெரும்பகுதி பன்றிக்குத்தான் போனது. ஆசைப்பட்டுச் செய்ததற்குக் காரணம் சொல்லிவிடலாம், இதற்கு என்ன சொல்வது? தனியாக இருந்திருந்தால் செய்திருக்கவே மாட்டேன் என்கிற இடத்துக்கு வந்து சேர்கிறார். மரத்துக்குச் சொந்தக்காரர்தான் அங்கேயும் காணோம்.

சேலம்: அம்மா என்னை மன்னித்ததாக முடிக்கலாமா?

மன்னித்தாரா? அப்படியானால் அவர் சொன்னதை, செய்ததை எழுதுங்கள். மன்னித்திருப்பார் என்று நினைத்தால் எழுதாதீர்கள். மன்னிப்பை நீங்களே எழுதிக்கொள்ளாதீர்கள்.

திருச்சி: பிரெஞ்சு மொழிச் சிந்தனையாளர் ரூசோ தன்வரலாற்றில் ரிப்பன் கதையைச் சொன்னது துணிச்சல்தானே?

துணிச்சல்தான். தெரியாதவர்களுக்காக: 1728, இத்தாலியின் டூரின் நகரம். பதினாறு வயது ரூசோ வேலை பார்த்த வீட்டின் எஜமானி இறந்துபோகிறார். அந்தக் குழப்பத்தில் வெள்ளி இழை கலந்த இளஞ்சிவப்புப் பழைய ரிப்பன் ஒன்றை எடுத்துவிடுகிறார். அகப்பட்டதும், சமையல்காரப் பெண் மரியோன் கொடுத்தாள் என்கிறார். எல்லார் முன்னாலும் அவள் மறுக்கிறாள். உன்னை நல்லவன் என்று நினைத்திருந்தேன், என்னைத் துன்பத்தில் தள்ளுகிறாய், ஆனாலும் உன் நிலைமையில் நான் இருக்க விரும்பமாட்டேன் என்கிறாள். இரண்டு பேருக்கும் வேலை போகிறது.

இவ்வளவையும் நேர்மையாகச் சொன்னவர், அவளுக்குக் கொடுக்கத்தான் எடுத்தேன், அதனால் அவள் பெயர் வாயில் வந்தது என்று காரணம் சொல்லத் தொடங்குகிறார். அங்கேதான் எனக்கு நெருடுகிறது.

திருச்சி (மறுபடி): காரணம் சொல்லாவிட்டால் அந்தப் பையனை எப்படிப் புரிந்துகொள்வது? நாற்பது வருடம் கழித்து யாரும் கேட்காமல் சொன்னவரை இப்படிக் குறுக்கு விசாரணை செய்வது நியாயமா?

காரணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பயம், அவமானம் எல்லாம் இருக்கட்டும். ஆனால் நான் அவ்வளவு கெட்டவன் இல்லை என்று வாசகரிடம் கேட்டு வாங்கப் பார்க்கிறாரே, அதைத்தான் சொல்கிறேன்.

கும்பகோணம் (இடையில்): அப்படிப் பார்த்தால் காந்தியைவிட ரூசோ மேல். மரியோனுக்குப் பெயரும் குரலும் கொடுத்திருக்கிறார். அப்புறம் அவளுக்கு நல்ல இடத்தில் வேலை கிடைத்திருக்குமா என்றும் கவலைப்படுகிறாரே?

சரியான கேள்வி, இந்த இடத்தில் உங்கள் பக்கம்தான் நிற்கிறேன். அவள் சொன்னதை அவர் எழுதிவைக்காவிட்டால் அவளை நமக்குத் தெரிந்தே இருக்காது. ரூசோ ஒப்புக்கொண்ட குற்றத்தின் கனத்தை அந்தக் குரல் தாங்குகிறது. பின்னால் வரும் சமாதானம் அதைத் தாங்கவில்லை. திருச்சிக்காரர் இன்னும் மூன்று முறை எழுதியிருக்கிறார், பதில் இதுதான்.

ஈரோடு, தஞ்சை, நெல்லை: பெயரை மாற்றலாமா?

மேலே சொல்லிவிட்டேன். படித்துவிட்டுக் கேளுங்கள்.

சென்னை: உறவினர் வழக்குப் போடுவாரா?

வழக்கறிஞரைக் கேளுங்கள்.

கடலூர்: சின்ன வயதில் எனக்கு ஒருவர் செய்த கொடுமைக்கு நானே குற்றவாளி போல இருக்கிறது. எழுதினால் சரியாகுமா?

அது உங்கள் தப்பே இல்லை. எழுதுவதற்கு முன்னால் நல்ல மனநல ஆலோசகரிடம் பேசுங்கள். எழுத்து எங்கும் போய்விடாது.

காரைக்குடி: அப்பா மன்னித்துவிட்டார் என்று முடித்தால்...

சேலத்துக்குச் சொன்னதுதான். தயவுசெய்து மன்னிப்பை நீங்களே எழுதிக்கொள்ளாதீர்கள்.

விருதுநகர்: ஆறாம் வகுப்பில் நான் உடைத்த ஜன்னலுக்குப் பக்கத்து பெஞ்சுப் பையன் அடி வாங்கினான். அப்புறம் பள்ளிக்கே வரவில்லை. எங்கே தொடங்குவது?

ஜன்னலில் தொடங்காதீர்கள், அவனில் தொடங்குங்கள். மதியம் என்ன கொண்டுவருவான், எந்தப் பாடத்தில் கெட்டி, எந்தத் தெருவிலிருந்து நடந்து வருவான். ஞாபகம் வருவதை மட்டும் எழுதுங்கள். வராததை இட்டுக்கட்டாதீர்கள், வரவில்லை என்றே எழுதுங்கள். அடி விழுந்தபோது அவன் உங்களைத் திரும்பிப் பார்த்தானா, நீங்கள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? அந்த ஒரு பத்தியை எழுதி எனக்கு அனுப்புங்கள், படிக்கிறேன்.