மொட்டை மாடியை அளக்கும் முன் ஈ.பி. கார்டைப் பாருங்கள்

வேலூர் காங்கேயநல்லூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். 900 சதுர அடி மொட்டை மாடி. ஆண்டுக்கு வரும் ஆறு பில்லில் நான்கு 640 யூனிட்டை ஒட்டி இருக்கின்றன; கோடையில் வரும் இரண்டும் 860ஐத் தொடுகின்றன. சோலார் போட வந்தவர், "மாடி பெரிசா இருக்கு, 5 கிலோவாட் போட்டுடலாம். பில்லே வராது, மிச்சத்தை ஈ.பி.க்கே வித்துடலாம்" என்றாராம். எவ்வளவு போடுவது, கரண்ட் போனால் சோலார் ஓடுமா, மறைந்த கணவர் பெயரில் இணைப்பு இருக்கிறதே பரவாயில்லையா, வடகம் காய வைக்க இடம் மிஞ்சுமா என்று கேட்கிறார்.

அம்மா, உங்களுக்கு 5 வேண்டாம். 2 கிலோவாட் போதும். கூடுதலாக ஒரு ஏ.சி.யோ மின்சார ஸ்கூட்டரோ வரப்போகிறது என்றால் 3. மாடி எத்தனை சதுர அடி என்பது இந்த முடிவுக்குத் தேவையே இல்லை. உங்கள் ஈ.பி. கார்டுதான் தேவை.

ஏன் என்று சொல்கிறேன். நம் பக்கத்தில் ஒரு கிலோவாட் பேனல் ஆண்டு முழுக்கச் சராசரி பார்த்தால் நாளைக்கு 4 யூனிட் தரும். 2 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 480 யூனிட். வீட்டு இணைப்புக்கு நெட் மீட்டர் வைப்பார்கள். நீங்கள் எடுத்ததில் கொடுத்ததைக் கழித்து, மிஞ்சும் யூனிட்டுக்குத்தான் பில். 640இல் 480 போனால் 160. அதில் முதல் 100 நமக்கு இலவசம். அடுத்த 60 யூனிட்டுக்கு, 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி, யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு. ஆக, இன்று 3,250 ரூபாய் பக்கம் கட்டும் பில் 140 ரூபாயில் வந்து நிற்கும்.

தமிழ்நாட்டு மின்கட்டணம் மாடிப்படி மாதிரி. கீழ்ப்படிகள் ஏறக்குறைய இலவசம். மேலே போகப் போகத்தான் மூச்சு வாங்கும். 500 யூனிட்டைத் தாண்டினால் 8 ரூபாய்க்கு மேல், 600ஐத் தாண்டினால் 9 ரூபாய்க்கு மேல், 800ஐத் தாண்டினால் 10 ரூபாய்க்கும் மேல். அது மட்டுமில்லை, 500ஐத் தாண்டிய பில்லில் அந்த 2 ரூபாய் 35 காசுப் படியே காணாமல் போய்விடும். அதனால் முதலில் வைக்கும் பேனல்கள்தான் இந்த விலை உயர்ந்த யூனிட்டுகளை வெட்டுகின்றன. கடைசியில் வைக்கும் பேனல், அரசு ஏற்கெனவே சும்மா கொடுக்கும் யூனிட்டை உங்கள் காசில் தயாரித்துக்கொண்டிருக்கும். கட்டணம் மாறியிருந்தால் புது எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் வழி இதுவேதான்.

கோடை பில்லையும் பார்த்துவிடுவோம். 860இல் 480 போனால் 380. இன்று 5,400 ரூபாய்க்கு மேல் வருவது 1,100 ரூபாய்க்குள் அடங்கும். ஆண்டுக்கு மொத்தம் சுமார் 21,000 ரூபாய் மிச்சம். 2 கிலோவாட்டுக்குச் சுமார் 1,40,000 ரூபாய் கேட்பார்கள். பிரதமர் சூர்யகர் திட்டத்தில் 60,000 ரூபாய் மானியம். போக 80,000. நான்கு ஆண்டில் போட்ட பணம் திரும்பிவிடும்.

இனி மூன்றாவது கிலோவாட். அதற்கு மானியம் 18,000 மட்டுமே. உங்கள் கையிலிருந்து இன்னும் 35,000, 40,000 போகும். அது மிச்சப்படுத்துவது? நான்கு பில்லில் தலா 140, கோடை பில் இரண்டில் தலா ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. ஆண்டுக்கு 2,500 ரூபாய். திரும்பி வர 15 ஆண்டு ஆகும். நான்காவது, ஐந்தாவது கிலோவாட்டுக்கு மானியமே கிடையாது. 3 கிலோவாட்டுக்குரிய 78,000 ரூபாயோடு மானியம் நின்றுவிடும். உபரி யூனிட் அடுத்த பில்லுக்கு வரவாகப் போகும், உண்மைதான். ஆனால் வீட்டு மாடியிலிருந்து மின்சாரம் விற்றுச் சம்பாதிப்பது என்பதெல்லாம் விற்பனைப் பேச்சு.

கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும். பளீரென்று வெயில் அடிக்கும் பகல் 12 மணியாக இருந்தாலும் நின்றுவிடும். இதைச் சொல்லாமல் விற்றுவிட்டுப் போகிறவர்கள் நிறைய. தெருவில் கம்பியைச் சரிசெய்துகொண்டிருக்கும் லைன்மேனுக்கு உங்கள் மாடியிலிருந்து மின்சாரம் பாய்ந்தால் என்ன ஆகும்? அதற்காகவே ஈ.பி. லைனில் மின்சாரம் இல்லாத கணமே சோலார் இன்வெர்ட்டர் தன்னை அணைத்துக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். இன்வெர்ட்டர் என்ற சொல்லாலும் குழப்பம் வருகிறது. நம் வீட்டில் பேட்டரியோடு இருக்கும் பெட்டியையும் அப்படித்தான் சொல்கிறோம். சோலாரோடு வருவது வேறு, அதில் பேட்டரி இல்லை. உங்கள் பழைய பேட்டரி இன்வெர்ட்டர் பாட்டுக்கு இருக்கட்டும். மின்விசிறிக்கும் விளக்குக்கும் அது போதும். லித்தியம் பேட்டரி வைத்த ஹைபிரிட் இன்வெர்ட்டரில் இரண்டு வேலையும் நடக்கும், ஆனால் பேட்டரிக்கு மானியம் இல்லை. நாளுக்கு அரைமணி, ஒரு மணி நேர மின்வெட்டுக்காக அந்தச் செலவைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் இடம். நீரில்லா ஆறு, மரமில்லா மலை என்று வேலூரைக் கேலி செய்வார்கள். வெயிலில்லா ஊர் என்று மட்டும் ஒருவரும் சொன்னதில்லை. ஆனால் பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. பேனலின் வாட் கணக்கு, செல்லின் சூடு 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. கத்திரி வெயிலில் அது 65 டிகிரிக்கு மேலே போகும். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் வீதம் குறைந்து, 14 சதவீதம் வரை காணாமல் போகும். மே மாதத்தைவிடப் பிப்ரவரி, மார்ச்சில் நன்றாக விளைவது இதனால்தான். பேனலைத் தளத்தோடு ஒட்டிப் படுக்க வைக்காமல், அடியில் காற்றுப் போக இரண்டு, மூன்று அடியாவது விடச் சொல்லுங்கள். முகம் தெற்கே பார்க்க வேண்டும். சரிவு 12, 13 டிகிரி போதும். வேலூரின் அட்சரேகையும் கிட்டத்தட்ட அதுதான்.

சூட்டைவிடப் பெரிய எதிரி நிழல். வாஸ்து பார்த்துக் கட்டிய வீடுகளில் தண்ணீர்த் தொட்டி கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில், மாடிப்படி அறைக்கு மேல் உட்கார்ந்திருக்கும். மார்கழிச் சூரியன் தெற்கே சாய்ந்து போகும்போது பத்தடி உயரத் தொட்டிக்குப் பிற்பகல் 3 மணிக்குப் பதினைந்து அடி நீளத்துக்கு நிழல் விழும், அதுவும் மாடியின் குறுக்கே வடகிழக்காக. பேனல்களை வரிசையாகக் கோத்திருப்பார்கள். ஒன்றின் மூலையில் நிழல் பட்டாலும் வரிசையின் விளைச்சல் குறையும். சித்திரையில் வந்து பார்க்கிறவர் கண்ணுக்கு இந்த நிழல் தெரியவே தெரியாது. அப்போது சூரியன் உச்சந்தலைக்கு மேலே இருக்கும். உங்கள் தொட்டியும் கன்னி மூலையில் என்றால் பேனலுக்குத் தென்கிழக்கு நல்லது. அக்னி மூலை, பெயரும் பொருந்துகிறது. தெற்குப் பக்கத்து மனை காலியாக இருந்தால், அங்கே இரண்டு மாடி எழும்பும் சாத்தியத்தையும் யோசித்துக்கொள்ளுங்கள். மலையடிவாரத் தெருக்களில் இருப்பவர்களுக்குக் காலையிலோ மாலையிலோ கொஞ்ச நேரம் மலையே மறைக்கும். அதற்கு ஒன்றும் செய்ய முடியாது, கணக்கில் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

தளத்தில் ஓட்டை போடும் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். என் வீட்டில் முதலில் வேலை செய்த ஆள், நான் ஊரில் இல்லாத நாளில், தட்டு ஓடு பதித்த தளத்தை டிரில் போட்டுத் துளைத்து நேராக போல்ட் அடித்துவிட்டுப் போனார். ஐப்பசி மழையில் படுக்கையறைக் கூரை ஒழுகியது. தட்டோட்டைப் பெயர்த்துச் சரிசெய்யவே சோலார் போட்டதில் மிச்சமானது முழுவதும் போனது. தளத்தின் மேல் கான்கிரீட் பீடம் கட்டி அதில் கால்களை நிறுத்துவதே நல்லது. புயல் காற்று நம் ஊர் வரை வருவதுண்டு. பீடம் கனமாக இருக்க வேண்டும். கால்கள் ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசிய இரும்பாக, இருக்கட்டும். பட்டறையில் வெல்டிங் செய்து பெயின்ட் அடித்த இரும்பு சில மழைக்காலத்தில் துரு ஏறிவிடும். எர்த்திங்கும் இடிதாங்கியும் தனியாக உண்டா என்று கேளுங்கள்.

இணைப்பின் பெயரை மாற்றாமல் எதையும் தொடங்காதீர்கள். விண்ணப்பம் மின் இணைப்பு எண்ணை வைத்துத்தான் போகிறது. மானியம் உங்கள் வங்கிக் கணக்கில் வர வேண்டும். அங்கே ஒரு பெயர், இங்கே ஒரு பெயர் என்றால் காகிதம் நடுவில் சிக்கிக்கொள்ளும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், சொத்து வரி ரசீது ஆகியவற்றை எடுத்துக்கொண்டு முதலில் பெயர் மாற்றத்தை முடியுங்கள். பிறகு சூர்யகர் தேசிய இணையதளத்தில் நீங்களே பதிவு செய்யலாம். பதிவு பெற்ற நிறுவனத்தையும் அங்கேயே தேர்ந்தெடுக்கலாம். மானியம் நெட் மீட்டர் வைத்துச் சரிபார்த்த பிறகுதான் வரும். அதுவரை முழுத்தொகையும் உங்கள் பொறுப்பு. 3 கிலோவாட் வரை பிணை கேட்காத வங்கிக் கடன் உண்டு.

இன்னொன்று: மானியம் வேண்டுமென்றால் பேனலில் உள்ள செல்லும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். டி.சி.ஆர். பேனல் என்பார்கள். விலை கொஞ்சம் கூட. "எல்லாம் ஒண்ணுதாங்க" என்று வேறு பேனலை இறக்கிவிட்டால் மானியம் போச்சு. ரசீதில் டி.சி.ஆர். என்றும் பேனல்களின் வரிசை எண்களையும் எழுதி வாங்குங்கள். ஐந்தாண்டுப் பராமரிப்பு நிறுவனத்தின் கடமை, அதையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

சரி, வடகம். 540 வாட் பேனல் நான்கு போட்டால் உங்களுக்குப் போதும். இடைவெளியோடு சேர்த்து 200 சதுர அடிதான் அடைக்கும். மீதி மாடி முழுக்க உங்களுடையது. எட்டடி உயரத்தில் பந்தல் மாதிரி ஏற்றிக் கட்டச் சொல்வார்கள். அதற்குச் செலவும் கூடுதல், காற்றின் இழுப்பும் கூடுதல். உங்களுக்கு அது தேவையில்லை. மிளகாயை மட்டும் பேனலிலிருந்து தள்ளிக் காய வையுங்கள், பொடி பறந்து கண்ணாடியில் படியும். பேனலை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, காலை ஏழு மணிக்குள் கழுவுங்கள். உச்சி வெயிலில் கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீர் ஊற்றினால் விரிசல் விழலாம். போர் தண்ணீர் வேண்டாம். பாலாற்றங்கரையின் உப்புத்தண்ணீர் நம் பக்கெட்டில் எப்படி வெள்ளையாகப் படிகிறதோ, அப்படியே கண்ணாடியிலும் படிந்து, பிறகு சுரண்டினாலும் போகாது. குழாயில் காவிரித் தண்ணீர் வரும் நாளில் இரண்டு குடம் எடுத்து வையுங்கள். மென்மையான துணியும் அந்த இரண்டு குடமும் நான்கு பேனலுக்கும் போதும்.