முடிவுரை ஏன் முன்னுரையின் மறுபதிப்பாகிவிடுகிறது?

கேள்வி: கட்டுரையின் முடிவுரைக்கு வந்ததும் முன்னுரையில் சொன்னதையே வேறு சொற்களில் எழுதிவிடுகிறேன். இதைத் தவிர்ப்பது எப்படி? திருக்குறளையோ பொன்மொழியையோ கொண்டு முடிக்கலாமா?

மாணவர் கட்டுரைகளைத் திருத்தும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இது உங்களுக்கு மட்டும் நேர்வதன்று. ஒரு கட்டு விடைத்தாள்களிலிருந்து முடிவுரைகளை மட்டும் பிரித்தெடுத்து, தலைப்புகளை மாற்றி ஒட்டிவைத்தாலும் பெரும்பாலானவை பொருந்திவிடும்.

ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் என்று பத்தைச் சொல்கிறது. அவற்றுள் நான்கு முடிவுரைக்கென்றே வகுக்கப்பட்டவையோ என எனக்குத் தோன்றுவதுண்டு. முதலாவது கூறியது கூறல். உங்கள் சிக்கல் அதுதான். அடுத்தது மாறுகொளக் கூறல்: நான்கு பக்கம் ஒரு பக்கமாக வாதாடியவர், கடைசியில் யாருக்கும் மனம் நோகக் கூடாது என்று எதிர்த்தரப்பையும் தட்டிக்கொடுத்துவிட்டுப் போவது. மூன்றாவது மற்றொன்று விரித்தல்: அதுவரை பேசாத ஒரு புதிய சான்றையோ புதிய பிரச்சினையையோ இறுதிப் பத்தியில் கொண்டுவந்து இறக்குவது. நான்காவது சென்றுதேய்ந்து இறுதல், அதாவது போகப்போக வலுவிழந்து தேய்ந்து முடிவது. இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

இவற்றுள் முதற்குற்றம் ஏன் நேர்கிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். முடிவுரை என்றால் சுருக்கம் என்றே நமக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள். ஆனால் இரண்டு மூன்று பக்கக் கட்டுரையைப் படித்து முடித்தவருக்கு, அதன் முதற்பக்கம் அதற்குள் மறந்துபோய்விடாது. அவருக்குச் சுருக்கம் தேவையில்லை. நூறு பக்க ஆய்வேட்டுக்கு அது தேவைப்படலாம். குறுங்கட்டுரையைப் படித்தவர் எதிர்பார்ப்பது, இவ்வளவையும் ஏற்றுக்கொண்டால் அதிலிருந்து என்ன பெறப்படுகிறது என்பதை. தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால் நம்ப முடியாததாகவும், இப்போது சொன்னால் ஏற்கத்தக்கதாகவும் இருக்கும் ஒரு கூற்று உங்களிடம் இருக்கிறதா என்று தேடுங்கள். அது கிடைத்துவிட்டால் முடிவுரை பாதி எழுதப்பட்டுவிட்டது.

ஓர் எடுத்துக்காட்டு. ‘கைபேசி மாணவரின் படிப்பைக் கெடுக்கிறதா?’ என்ற தலைப்பில், அறிவிப்பு ஒலிகள் கவனத்தைச் சிதைப்பதை ஒரு பத்தியிலும், அதே கருவி அகராதியாகவும் பாடக் காணொளியாகவும் பயன்படுவதை இன்னொரு பத்தியிலும் எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான முடிவுரை இப்படி வரும்: ‘எனவே கைபேசியில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. தீமையை விலக்கி நன்மையை ஏற்று வாழ்வோமாக!’ இதை எழுதக் கட்டுரையே தேவைப்படவில்லை. கைபேசி என்பதை எடுத்துவிட்டுத் தொலைக்காட்சி என்று போட்டாலும் இது நிற்கும். இதற்கு மாறாக இப்படி எழுதிப் பாருங்கள்: ‘படிப்பைக் குலைப்பது கருவியன்று, கேளாமல் வந்து குறுக்கிடும் அதன் அழைப்பே என்றால், கைபேசியைப் பறித்துவைப்பது தேவைக்கு மீறிய தண்டனை. அறிவிப்புகளை நிறுத்திவிட்டு அகராதியைத் திறந்துவைத்திருக்கும் மாணவனுக்கும், கைபேசியே இல்லாத மாணவனுக்கும் இடையில், முன்னவனே வசதியாகப் படிக்கிறான்.’ இதில் புதிய தகவல் எதுவுமில்லை. இரண்டு பத்திகளும் ஒன்றையொன்று சந்தித்ததால் பிறந்த கருத்து மட்டுமே புதியது.

நடைமுறையில் நான் பரிந்துரைப்பது, முடிவுரையின் மையக் கூற்றை ஒரே வரியில் முதலிலேயே ஓரத்தில் குறித்துவைத்துக்கொண்டு பிறகு கட்டுரையைத் தொடங்குவதுதான். தேர்வில் கடைசி மூன்று நிமிடங்களில் அவசரமாக எழுதப்படும் முடிவுரைக்கு இது நல்ல மருந்து. எழுதும்போது கருத்து மாறினால் அந்த வரியை மாற்றிக்கொள்ளலாம். அப்படி மாறுவது கட்டுரை உண்மையிலேயே சிந்தித்து எழுதப்படுகிறது என்பதற்கு அடையாளம். ‘முடிவாக’, ‘மேற்கூறிய காரணங்களால்’ போன்ற அறிவிப்புச் சொற்களை விட்டுவிடுங்கள். முடிவுரை வந்துவிட்டது என்பது தாளில் மிச்சமிருக்கும் இடத்தைப் பார்த்தாலே தெரியும். நீளத்துக்குக் கணக்கு எதுவும் இல்லை, ஆனால் பள்ளிக் கட்டுரைக்கு நான்கைந்து வாக்கியங்களைத் தாண்டினால் நீங்கள் வேறெதையோ தொடங்கிவிட்டீர்கள் என்று ஐயப்படலாம்.

எழுதி முடித்தபின் கடைசிப் பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள். ஏதும் குறைவதாகத் தோன்றாவிட்டால் அந்தப் பத்தியை அடித்துவிடலாம். என் சொந்தக் கட்டுரைகளில் பல முறை, உண்மையான முடிவு அதற்கு முந்தைய பத்தியின் கடைசி வாக்கியத்திலேயே ஒளிந்திருந்ததைக் கண்டிருக்கிறேன்.

குறளைப் பற்றிக் கேட்டீர்கள். கட்டுரையின் நடுவில் அதை வைத்து, உங்கள் வாதத்தோடு எப்படிப் பொருந்துகிறது என்று விளக்க முடியுமானால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். கடைசி வரியாக மட்டும் வைக்காதீர்கள். ஏழு சீர்களில் அவ்வளவு செறிவாகச் சொல்லப்பட்ட ஒன்றுக்குப் பக்கத்தில் உங்கள் நான்கு பக்கங்களும் வெளிறித் தெரியும். அதோடு, முடிவு சொல்லும் பொறுப்பை வள்ளுவர் தலையில் கட்டிவிட்டு நீங்கள் நழுவிவிட்டதைத் திருத்துபவர் கண்டுபிடித்துவிடுவார்.