கணினிக் கேள்வி பதில்: சொன்னது ஜிசிசி 12, ஓடுவது 11

கேள்வி: வணக்கம் அண்ணா. இறுதியாண்டு புரொஜெக்ற்றுக்காக ஒரு மென்பொருளை மூலநிரலில் இருந்து கட்ட வேண்டும். என் லப்ரொப்பில் இருப்பது உபுண்டு 22.04, அதனுடன் வருவது ஜிசிசி 11 என்ற கொம்பைலர், அதாவது மூலநிரலை ஓடக்கூடிய மென்பொருளாக மாற்றும் கருவி. மென்பொருளோ 12-க்குக் குறைந்தால் முடியாது என்கிறது. ஜிசிசி-12, அதன் சி++ கொம்பைலரான ஜி++-12 இரண்டையும் நிறுவி, எந்தக் கொம்பைலர் என்று சொல்லும் சிசி என்ற சூழல் மாறிக்கு ஜிசிசி-12 என்று கொடுத்து, கட்டும் வேலையை ஒழுங்குபடுத்தும் சிமேக்கைத் திரும்ப ஓட்டினேன். இன்னமும் 11 என்றே காட்டுகிறது. மூன்று நாள் போய்விட்டது.
- மாணவி, கொக்குவில்

பதில்: தங்கச்சி, நீங்கள் சொன்னது சிமேக்கின் காதில் விழவே இல்லை. கட்டும்போது உருவாகும் ஃபைல்கள் சேரும் பில்ட் ஃபோல்டர் ஒன்றில் முதல் தடவை ஓடும்போது மட்டும்தான் அது சிசி மாறியைப் பார்க்கும். அன்றைக்குக் கண்டுபிடித்த கொம்பைலரின் முழுப் பாதையையும் அந்த ஃபோல்டருக்குள்ளேயே சிமேக்கேஷ் என்ற ஃபைலில் எழுதி வைத்துவிடும், அப்புறம் நீங்கள் எத்தனை தடவை மாறியை மாற்றினாலும் எழுதி வைத்ததைத்தான் வாசிக்கும். ஆகவே பில்ட் ஃபோல்டரை முழுதாக அழியுங்கள். மூலநிரல் இருக்கும் ஃபோல்டரில் கை வைக்க வேண்டாம். சிமேக் 3.24-இல் இருந்து இதற்கென்றே ஃப்ரெஷ் என்றொரு தெரிவு இருக்கிறது, ஆனால் உபுண்டு 22.04 தருவது 3.22, உங்களுக்குக் கையால் அழிப்பதுதான் வழி.

இன்னொன்று, சிசி என்பது சி மொழிக்கு மட்டும். சி++ நிரலுக்கு சிஎக்ஸ்எக்ஸ் என்று தனி மாறி இருக்கிறது, அதற்கு ஜி++-12 கொடுக்க வேண்டும். (மாறிகளின் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்திலும் மற்றதைச் சிறிய எழுத்திலும் தட்டுங்கள்.) நீங்கள் ஒன்றைத்தான் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள், அப்படியென்றால் ஃபோல்டரை அழித்தாலும் சி++ பகுதி 11-இலேயே போகும். புதிய ஃபோல்டரில் ஓட்டியதும் முதல் சில வரிகளிலேயே சி கொம்பைலர் எது, சி++ கொம்பைலர் எது என்று சிமேக் சொல்லும். அந்த வரிகளை வாசிக்காமல், கட்டத் தொடங்கும் மேக் கட்டளையைக் கொடுக்காதீர்கள். 2022-இல் மணிக்கணக்காகக் கரண்ட் இல்லாமல் இருந்த காலத்தில், பற்றரியில் ஓடவிட்ட ஒரு பில்ட் வேறு கொம்பைலரில் போனது எனக்குக் கடைசியில்தான் விளங்கியது. சார்ஜும் முடிந்திருந்தது.

எல்லா மென்பொருளும் சிமேக்கோடு வராது. கொன்ஃபிகர் ஸ்கிரிப்ற் என்றால் அந்தக் கட்டளையின் கடைசியிலேயே சிசி=ஜிசிசி-12 என்று சேர்த்துவிடலாம், எது பிடிபட்டது என்பது கொன்ஃபிக் லொக் ஃபைலில் இருக்கும். மேக் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் மேக்ஃபைல் மட்டும் இருக்கும் இடத்தில்தான் ஆட்கள் கூடக் குழம்புவது. அதை எழுதியவர் உள்ளே சிசி = ஜிசிசி என்று போட்டிருந்தால் உங்கள் சூழல் மாறி அதற்கு முன் நிற்காது. சிசி=ஜிசிசி-12 என்பதை மேக் என்ற சொல்லுக்குப் பின்னால் அதே வரியில் தட்டினால் மேக்ஃபைலில் உள்ளதை மீறிக்கொண்டு வேலை செய்யும். நிர்வாகி உரிமை தரும் சுடோ போட்டு மேக் ஓட்டவும் வேண்டாம், வழக்கமாக சுடோ உங்கள் மாறிகளைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போகும். சாதாரண பயனராகக் கட்டுங்கள், நிறுவும்போது மட்டும் சுடோ.

ஜிசிசி என்ற பெயரையே 12-க்குத் திருப்பிவிடச் சொல்லி யாராவது யோசனை தருவார்கள். ஒரு புரொஜெக்ற்றுக்காக அதைச் செய்யாதீர்கள். இயங்குதளத்தின் மையமான கேர்னலுக்கான டிரைவர்கள் கட்டப்படும்போது, அந்தக் கேர்னலைக் கட்டிய கொம்பைலர் வெர்சனே இருப்பதுதான் நல்லது.

கேள்வி: பல வருடங்களாக ஓடிய ஒரு பழைய சி நிரல். டெபியன் 13-க்கு மாறியதும், அறிவிக்கப்படாத ஃபங்ஷனை அழைக்கிறாய் என்று கொம்பைலர் நிற்கிறது. நிரலில் ஒரு எழுத்தும் மாற்றவில்லை.
- வாசகர், பருத்தித்துறை

பதில்: டெபியன் 13-இல் இருப்பது ஜிசிசி 14. 2024-இல் வந்த அந்த வெர்சனில் இருந்து, முன்பு எச்சரிக்கையாக மட்டும் இருந்த இந்த விசயம் பிழையாகிவிட்டது. பழைய ஜிசிசி ஒன்றைத் தேடிப் போட்டால் கெதியாக வேலை முடியும், ஆனால் நான் அதைச் சொல்லமாட்டேன். அறிவிப்பு இல்லாத ஃபங்ஷன் ஒரு இன்ற், அதாவது முழு எண், தரும் என்றுதான் பழைய கொம்பைலர் எடுத்துக்கொள்ளும். அது உண்மையில் ஒரு பொயின்ரரை, அதாவது நினைவக முகவரியைத் தந்தால் 64 பிற் கணினியில் முகவரியின் பாதி வெட்டுப்பட்டுப் போய், நிரல் எங்கேயோ சம்பந்தமில்லாத இடத்தில் விழும். பிழைச்செய்தி சொல்லும் ஃபங்ஷனின் அறிவிப்பு இருக்கும் ஹெடர் ஃபைலைச் சேருங்கள், அநேகமாக ஒவ்வொன்றும் ஒரு வரி வேலைதான். அடுத்தவர் எழுதிய பெரிய நிரல், கை வைக்க முடியாது என்றால் மட்டும் அதே ஜிசிசி 14-இடம் 1989 ஆம் ஆண்டுச் சி நியமத்தில் கட்டச் சொல்லுங்கள், அதில் இது எச்சரிக்கைக்கு மேல் போகாது.