மெஜாரிட்டியோட பாஸ் ஆயிட்டா எல்லாம் சரியா? வக்கீல்கிட்ட கேள்வி பதில்

கடலூர் கோர்ட்ல பிராக்டிஸ் பண்றேன். சட்டத்தின் ஆட்சி, அதாவது ஆளுறவங்களும் சட்டத்துக்கு கட்டுப்பட்டவங்கதான்ங்கிறது பத்தி வந்த கேள்விகளுக்கு என் பதில்.

கேள்வி (மஞ்சக்குப்பம்): சார், பார்லிமெண்ட்ல மெஜாரிட்டியோட பாஸ் ஆனா அது சட்டம்தானே, அதுக்கு மேல என்ன இருக்கு?

நெறைய வக்கீலுங்களே இப்படித்தான் சொல்றாங்க தம்பி, முறைப்படி போட்டிருக்கணும், எல்லாருக்கும் ஒண்ணா இருக்கணும், அவ்ளோதான்னு. அது கண்டிப்பா வேணும், ஆனா பத்தாது. 1975ல 39வது திருத்தம் போட்டு பிரதமரோட தேர்தல கோர்ட்டு விசாரிக்கவே முடியாதுன்னு ஆக்கினாங்க, அதுவும் பார்லிமெண்ட்ல பாஸ் ஆனதுதான். அரசியலமைப்போட அடிப்படையையே மீறுதுன்னு சுப்ரீம் கோர்ட்டு அந்தப் பகுதிய செல்லாதுன்னுடுச்சு.

கேள்வி (விருத்தாசலம்): எமர்ஜென்சியில ஆட்கொணர்வு மனுவே (புடிச்சு வச்ச ஆள கோர்ட்டுல கொண்டாந்து நிறுத்தச் சொல்ற மனு) செல்லாதுன்னு தீர்ப்பு வந்துச்சாமே?

ஆமா, 1976, ஜபல்பூர் கேஸ். அஞ்சு நீதிபதியில நாலு பேர் அப்படி சொன்னாங்க, எச்.ஆர்.கன்னா மட்டும் ஒத்துக்கல, அடுத்த வருஷம் சீனியரா இருந்தும் அவருக்கு தலைமை நீதிபதி பதவி தரல. 2017ல தனியுரிமை கேஸ்லதான் அந்த தீர்ப்பே தப்புன்னு சொன்னாங்க. உங்க ஊர் பக்கமே பாருங்க, 1993ல கம்மாபுரம் ஸ்டேஷனுக்கு கூட்டிட்டுப் போன ஆளு தப்பிச்சு ஓடிட்டாருன்னு போலீஸ் சொல்லிச்சு, அவர் சம்சாரம் ஹைகோர்ட்டுல ஆட்கொணர்வு மனு போட்டப்புறம்தான் ஸ்டேஷன்ல அடிச்சே செத்தாருன்னு வெளிய வந்து போலீஸ்காரங்களுக்கு தண்டனை கெடச்சுது. அந்த மனுவே போடக்கூடாதுன்னு இருந்திருந்தா இன்னிக்கும் அவர் ‘தப்பி ஓடினவர்’தான். அதனாலதான் நான் கன்னா பக்கம்.

கேள்வி (முத்தியால்பேட்டை): எங்க புதுச்சேரியில ஓட்டே வாங்காத மூணு பேர் எம்எல்ஏ, இது என்ன நியாயம் சார்?

யூனியன் பிரதேசங்களுக்கான 1963 சட்டத்துலயே மூணு பேர் வரைக்கும் மத்திய அரசு நியமிக்கலாம்னு இருக்குங்க. மாநில அரச கேக்க வேண்டியதில்ல, பட்ஜெட்டுக்கும் நம்பிக்கையில்லா தீர்மானத்துக்கும் அவங்க ஓட்டு போடலாம்னு 2018ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு. எழுத்துப்படி சரி, தீர்ப்புக்கு கட்டுப்படணும். ஆனா ஜெயிச்சு வந்தவங்க 30 பேர் இருக்குற சபையில ஆட்சியே நிக்கிறதும் கவுறதும் நியமன ஓட்டுல முடியலாம்னா ஜனங்க போட்ட ஓட்டுக்கு என்ன மரியாதை? சட்டத்தையே திருத்தணும்ங்கிறது என் கருத்து.

கேள்வி (நெல்லிக்குப்பம்): ரவுடி வீட்ட புல்டோசர் வச்சு இடிச்சா என்னண்ணே தப்பு?

குத்தவாளியா இல்லையான்னு சொல்ல வேண்டியது கோர்ட்டு தம்பி, அதிகாரி இல்ல. அந்த வீட்ல அவன் அம்மாவும் புள்ளைங்களும்தானே இருக்காங்க. 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு, 15 நாளாவது நோட்டீஸ் குடுக்காம இடிக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்கு. ரோடு, ஏரி ஆக்கிரமிப்புக்கு இது பொருந்தாது. யாருக்காவது நோட்டீஸ் வந்துச்சுன்னா கவர தூக்கிப் போட்டுடாதீங்க, என்னிக்கு வந்துச்சுன்னு அதுல இருக்குற தபால் முத்திரைய வச்சும் கோர்ட்டுல பேசலாம்.