ஒரு நாள்தான் இருக்கிறது, ரோட்டர்டாம் போவது வீணா?

"ரோட்டர்டாமில் வெறும் கண்ணாடிக் கட்டடங்கள்தானே, பழையது எதுவும் இல்லையாமே" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆபீஸ் வேலையாக நெதர்லாந்து வந்து, நடுவில் ஒரு சனிக்கிழமை கையில் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். நான் ஐந்து வருடமாக ஐன்தோவனில் இருக்கிறேன். 'ரோட்டர்டாம் களையில்லாத ஊர்' என்று நம் ஆட்கள் சொல்லும்போதெல்லாம் மனசு கஷ்டப்படும், அதனால்தான் எழுதுகிறேன்.

பழையது இல்லை, சரி. ஏன் இல்லை? 1940 மே 14 அன்று ஜெர்மன் விமானங்கள் கால் மணி நேரம் குண்டு போட்டன. அப்புறம் பிடித்த தீயில் ஊரின் நடுப்பகுதியே போய்விட்டது. 800-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், சுமார் 80,000 பேருக்கு வீடில்லாமல் போனது. தீ எதுவரை பரவியது என்பதை இன்றும் நடைபாதையில் சின்ன விளக்குகள் பதித்துக் காட்டுகிறார்கள்.

போன வருடம் அப்பா வந்திருந்தார். முப்பத்தைந்து வருடம் கொத்து வேலை பார்த்து மேஸ்திரி ஆனவர். ஆம்ஸ்டர்டாம் கால்வாய்களைப் பார்த்து "நல்லாருக்கு" என்றார், அவ்வளவுதான். ரோட்டர்டாமில் பிளாக் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் அப்படியே நின்றுவிட்டார். எதிரே கனசதுர வீடுகள். பீட் பிளோம் வடிவமைத்து 1984-இல் முடிந்தவை. ஒவ்வொரு தூணின் மேலும் ஒரு பெட்டியை முனை கீழே இருக்கும்படி சாய்த்து வைத்தது போல, வரிசையாக 38 வீடுகள்.

அதில் ஒன்றை நாம் பார்ப்பதற்காகத் திறந்து வைத்திருக்கிறார்கள். படி குறுகல், செங்குத்து. முட்டிவலிக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் ஏறினார். சாய்ந்த சுவரில் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழே தடவினார். ஜன்னல் ஓர இணைப்பை நகத்தால் நெருடிப் பார்த்தார்.

"தூக்குக்குண்டு விட்டா எங்கயுமே ஒட்டாதேடா, இதுக்கு எப்படி மட்டம் பார்த்தாங்க?"

"தெரியலப்பா. தூண் கான்கிரீட், மேல இருக்கிற கூடு மரச்சட்டமாம்."

"அப்ப பாதி வேலை ஆசாரியோடது" என்று இன்னொரு தரம் தடவிப் பார்த்தார்.

பக்கத்திலேயே மார்க்தால், 2014-இல் திறந்தது. 40 மீட்டர் உயர வளைவு, அந்த வளைவுக்குள்ளேயே 228 வீடுகள், கீழே சந்தை. அங்கிருந்து பத்து நிமிடம் நடந்தால் சாட்கின் என்ற சிற்பி 1953-இல் செய்த வெண்கலச் சிலை. கைகளை வானத்துக்குத் தூக்கி நிற்கும் மனிதன், நெஞ்சில் ஓட்டை. எதற்கு ஓட்டை என்று அப்பா கேட்டார். குண்டு வீச்சில் நடுப்பகுதியை இழந்த ஊரைக் காட்டத்தான் என்று சொன்னேன். "நம்ம கட்டுன ஒரு சுவரு இடிஞ்சாலே வயிறு எரியும். இங்க ஊரே போயிருக்கு" என்றார். அதன் பிறகு எராஸ்மஸ் பாலம் வரை எதுவும் பேசவில்லை.

ஆம்ஸ்டர்டாம் மோசம் என்று நான் சொல்லவில்லை, யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நான் கட்டடக்கலை படித்தவனும் இல்லை. கொத்தனார் மகன், அந்தக் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

பெற்றோரைக் கூட்டி வருகிறவர்களுக்கு இன்னொன்று. இந்த நாட்டில் வெளியிடத்தில் கழிப்பறைக்குப் போகப் பெரும்பாலும் காசு கேட்பார்கள். சர்க்கரை வியாதி உள்ள அப்பாவை ஒரு ஸ்டேஷனில் கதவுக்கு முன்னால் நிறுத்திவிட்டு, கார்டு எடுக்காமல் நான் திணறியதை மறக்கவே முடியாது. வயசானவர்களுக்காவது இதை இலவசமாக விடக் கூடாதா?

ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரோட்டர்டாமுக்கு வேக ரயிலில் முக்கால் மணி நேரம்தான். சனிக்கிழமை என்றால் மார்க்தாலுக்கு வெளியே திறந்தவெளிச் சந்தை கூடும். கிப்பலிங் என்று மீன் துண்டுகளை மாவில் தோய்த்துச் சுடச்சுடப் பொரித்துத் தருவார்கள். அப்பா இரண்டு தட்டு சாப்பிட்டார்.