சி.பி. பற்றிக் கேளுங்கள்: கும்பகோணம் அக்கா பதில்கள்

எனக்குப் பிறவியிலேயே பெருமூளை வாதம், நாம் சி.பி. என்று சொல்வது. மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் உடம்பின் அசைவு கட்டுக்குள் நிற்காத நிலை. வெளியே போனால் சக்கர நாற்காலி. பேச்சு இழுக்கும். நான் டாக்டர் இல்லை, மருந்து அளவு கேட்காதீர்கள். வாழ்வதைப் பற்றிக் கேளுங்கள்.

பையனுக்கு நாலு வயசு. வயசாக ஆக இது அதிகமாகுமா அக்கா? (பாபநாசம், ஒரு அம்மா)

மூளையில் ஏற்பட்ட பாதிப்பு வளராதும்மா. உடம்பு வளரும். எலும்பு நீளும் வேகத்துக்கு இறுகிய தசை ஈடுகொடுக்காது, அதனால்தான் குதிகால் தூக்குவதும் இடுப்பு மூட்டு விலகுவதும். இடுப்புக்கு எக்ஸ்ரே எப்போது எடுக்கணும் என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். படுக்கவைத்து ஊட்டாதீர்கள். நிமிர்த்தி உட்காரவைத்து, தலை பின்னால் சாயாமல், பருப்பு சாதத்தைக் குழையப் பிசைந்து சின்னக் கரண்டியில் கொடுங்கள். முழுங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்த வாய். தண்ணியாக இருப்பதுதான் சீக்கிரம் புரையேறும்.

ஸ்டெம் செல் ஊசி போட்டா பையன் நடப்பானா? (மன்னார்குடி)

போடாதீர்கள். ரத்த நோய்கள் சிலவற்றைத் தவிர மற்றதற்கெல்லாம் ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற ஆய்வில் மட்டுமே கொடுக்கலாம், அதற்கும் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இது. நிலத்தை விற்றுக் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள்.

வயசு 27. அம்மா, அப்பா, பிசியோ தவிர யாரையும் தெரியாது. எங்க போய்ப் பழகறது? (திருவாரூர்)

தம்பி, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸுக்குப் போங்கள். மனு கொடுக்க வரும் நம் ஆட்களை அங்கே பார்க்கலாம். டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தின விழாவுக்குப் போங்கள். தமிழ்நாடு அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கத்தின் மாவட்ட ஆட்களை விசாரியுங்கள். சி.பி. உள்ளவர் மட்டும்தான் வேண்டும் என்று தேடாதீர்கள். என்னை முதன்முதலில் கூட்டத்துக்கு இழுத்தவர் போலியோ வந்த ஒரு அண்ணன். அங்கே டம்ளரில் பாதி டீ ஊற்றி, ஸ்ட்ரா போட்டு என் முன்னால் வைத்தார்கள். நான் கேட்கவேயில்லை. நான் வாக்கியத்தை முடிக்கும்வரை யாரும் எனக்காக முடித்துவைக்கவில்லை. முப்பதைத் தாண்டினால் நமக்கு அசதியும் மூட்டுவலியும் சீக்கிரம் வரும், வேலையைப் பிரித்துச் செய் என்று சொன்னதும் அங்கே வந்த ஒரு சி.பி. அக்காதான். அதுவரை எந்த டாக்டரும் எனக்குச் சொல்லவில்லை.

உதவித்தொகை?

பராமரிப்புத் தொகை மாதம் 2,000 ரூபாய், கடுமையான பாதிப்பு உள்ளவர்களுக்கு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். அதற்கு முன் யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை வாங்கிவிடுங்கள்.

ஸ்டெம் செல் ஊசி பத்தி… (சீர்காழி)

மேலே சொல்லிவிட்டேன். வேண்டாம்.

கூட்டம் நடக்குற சத்திரத்துல நாலு படிதானே? எங்க பசங்க தூக்கிட்டுப் போயிடுவாங்க. இதுக்குப் போய் சாய்தளம் கேட்டுச் சண்டை போடணுமா? (மயிலாடுதுறை, ஒரு பெரியவர்)

போடணும் ஐயா. திடீரென்று தூக்கினால் என் உடம்பு விறைத்துவிடும், கால் இரண்டும் கத்திரி மாதிரிப் பின்னிக்கொள்ளும். தூக்குபவர் பயந்து அக்குளில் இறுக்கிப் பிடிப்பார், தோள் பிசகும். நான் பெண். யார் கை எங்கே படுகிறது என்று நான் சொல்ல முடியாமல் போகிற இடம் அந்தப் படி.

*‘என் பொண்ணை நான்தாம்மா இத்தனை வருஷமா தூக்குறேன். அது பாசம் இல்லையா?’ என்று வலங்கைமானிலிருந்து ஒரு அப்பா.*

பாசம்தான் அப்பா, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உங்களுக்கு முதுகு பிடித்துக்கொண்ட நாளில் அவள் எங்கே போவாள்? அவள் தோழியைப் பார்க்க நீங்கள் கூடவே போகவேண்டியிருக்கிறதே, அவர்கள் எதைப் பேசிக்கொள்வார்கள்?

*‘அவரை ஏன் அக்கா சொல்றீங்க? ஊர்ல படி இல்லாத கட்டடம் ஒண்ணு காட்டுங்க’ என்று ஒரு தம்பி.*

சரியான கேள்வி. அதை அப்பாக்களிடம் கேட்காமல் ஊராட்சியில் கேட்போம். உள்ளாட்சிகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்க 2025-இல் சட்டம் திருத்தியிருக்கிறார்கள். அந்த நாற்காலியில் உட்காருபவர் முதலில் கேட்கவேண்டியது சாய்தளம். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். நாலு படியென்றால் இரண்டடி, ஆக இருபத்துநாலு அடி. பலகையைச் சாத்திவைத்துவிட்டுச் சாய்தளம் என்று சொல்லாதீர்கள், நாற்காலி பின்பக்கம் கவிழும்.

வலிப்பு வந்து ஒரு வருஷமாச்சு. மாத்திரையை நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். நரம்பியல் டாக்டரிடம் போங்கள்.

ஸ்டெம் செல்…

வேண்டாம்.

நாங்களே எங்க ஊர்ல ஒரு கூட்டம் ஆரம்பிக்கலாமா அக்கா? (திருவையாறு)

உடனே ஆரம்பியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம், சேற்றில் சக்கரம் உருளாது. தையில் அறுவடை, கூட வரவேண்டியவர்கள் வயலில் நிற்பார்கள். பங்குனியில் காலை நேரம் வையுங்கள். டவுன் பஸ்ஸில் நமக்கும் துணைக்கு வருபவருக்கும் டிக்கெட் இல்லை, பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இடம் பாருங்கள். இடத்துக்கு வாக்குக் கொடுக்கும் முன் டேப் எடுத்துப்போய்க் கழிவறைக் கதவை அளந்துவிடுங்கள். மூன்றடி இல்லையென்றால் வேறு இடம்.