கலப்பையை விற்றவர்

அன்புள்ள ஐயா,

கேப் பிரவுன் பற்றிய உங்கள் உரையைக் காணொளியில் பார்த்தேன். அமெரிக்காவின் வட டகோட்டாவில் மாமனாரின் பண்ணையை வாங்கி, நான்கு வருடம் வரிசையாக விளைச்சலைப் பறிகொடுத்து, அப்புறம் உழாமலே அதைத் தூக்கி நிறுத்தியவர் என்றீர்கள். அரங்கில் கைதட்டல். எனக்குக் கை எழவில்லை. என் அப்பாவும் விவசாயிதான். அவருக்கும் மூன்று வருடம் வரிசையாகப் போயிற்று, கையில் காசும் இல்லை. அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை, பாதி நிலம்தான் போனது. மீதியை இப்போது அண்ணன் பார்க்கிறான். "நஷ்டம்தான் அவருக்குக் குரு" என்று நீங்கள் சொன்னபோது கோபம் வந்தது. ஜெயித்தவன் கதையைக் கடைசியிலிருந்து சொன்னால் எல்லா அடியும் பாடமாகத்தானே தெரியும்? இன்னொன்று. "அகல உழுவதைவிட ஆழ உழு" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். உழவே வேண்டாம் என்றால் அண்ணன் சிரிக்கிறான். 5,000 ஏக்கர்காரர் பேச்சை நாம் ஏன் கேட்க வேண்டும் என்கிறான். அவனுக்கு என்ன சொல்வது?

கே.

அன்புள்ள கே.,

அந்தக் குரு வாக்கியம் மேடையில் வாயில் வந்தது. காணொளியை மறுபடி போட்டுக் கேட்டேன், கூச்சமாகத்தான் இருந்தது. நேரமில்லை என்று நான் விட்டுவிட்ட விஷயங்களில்தான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

கேப் பிரவுன் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் இல்லை. வட டகோட்டாவின் தலைநகரான பிஸ்மார்க் நகரத்துப் பையன். மனைவி ஷெல்லியின் பெற்றோர் அந்த ஊருக்குக் கிழக்கே வைத்திருந்த பண்ணையை 1991ல் இருவரும் வாங்கினார்கள். மாமனார் கலப்பையை நம்பியவர். நிலத்தில் ஒரு பகுதியைத் தரிசாகப் போட்டு, களை தலையெடுக்காதபடி அதையும் உழுதுகொண்டே இருப்பது அந்தப் பக்கத்து வழக்கம். 1993ல் மருமகன் உழவை நிறுத்தினார். உழாமல் விதைப்பது என்று முடிவெடுத்தால் உழவுக் கருவிகளை எல்லாம் விற்றுவிடு, இல்லாவிட்டால் ஒரு மோசமான வருடத்தில் மனசு மாறிவிடும் என்று நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார். பிரவுன் அப்படியே செய்தார். விற்ற காசில் நேரடியாக விதைக்கும் கருவி வந்தது. புத்திசாலித்தனமான யோசனை என்று எனக்குத் தோன்றுகிறது. நம்மை நாமே நம்பாமல் இருப்பதும் ஒரு தெளிவுதான்.

1995ல் 1,200 ஏக்கர் கோதுமை முற்றி நின்றது. மறுநாள் அறுவடை தொடங்க வேண்டும். அன்றைக்கு ஆலங்கட்டி மழை. ஒரு கோதுமை மணிகூட மிச்சமில்லை. ஆலங்கட்டிக்குக் காப்பீடும் எடுத்திருக்கவில்லை. 1996ல் மறுபடி ஆலங்கட்டி. 1997ல் வறட்சி, அந்த வட்டாரத்திலேயே யாரும் அறுக்கவில்லை. 1998ல் மூன்றாவது ஆலங்கட்டி, பயிரில் 80 சதவீதம் போயிற்று. இனி எந்த வங்கி கடன் கொடுக்கும்? கணவனும் மனைவியும் வெளியே வேலைக்குப் போனார்கள். அந்தச் சம்பளத்தில்தான் பண்ணை கையைவிட்டுப் போகாமல் நின்றது. இதை நான் மேடையில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கைதட்டல் கொஞ்சம் குறைந்திருக்கும்.

ஆக, உழாமை ஆலங்கட்டி கற்றுக்கொடுத்த பாடம் இல்லை, அதற்கு இரண்டு வருடம் முந்தியே முடிவாகிவிட்டது. ஆலங்கட்டி செய்தது வேறு. ஒரு போகத்துப் பயிர் முழுவதையும் தரையில் படுக்கப் போட்டது. தாளும் கதிரும் அங்கேயே கிடந்து மண்ணை மூடின. மாடுகளுக்குத் தீவனம் வேண்டுமே என்று சோளம், தட்டைப்பயறு என்று கிடைத்ததை விதைத்தார். அறுத்துக் கட்டி ஏற்றி வருவதைவிட மாட்டை உள்ளே விடுவது மலிவு, விட்டார். உரம் வாங்கக் காசில்லாததால் உரமும் குறைந்தது. நான்கு வருடம் அந்த நிலத்திலிருந்து வெளியே போனது மிகக் குறைவு. மண் வெயிலில் வெறுமனே கிடக்கவும் இல்லை. இதெல்லாம் திட்டம் போட்டுச் செய்ததில்லை, வேறு வழியில்லாமல் செய்தது. தோண்டிப் பார்த்தபோது மண் கறுத்திருந்தது, ஈரம் நின்றது, முன்பு இல்லாத மண்புழு நெளிந்தது.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் அடுத்ததுதான். கஷ்டம் தீர்ந்ததும், "அப்பாடா" என்று பழைய வழிக்குத் திரும்பியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் திரும்பவில்லை. இல்லாதபோது செய்ததைக் காசு வந்த பிறகும் செய்தார், ஏன் அப்படி ஆயிற்று என்று துருவிக்கொண்டும் இருந்தார். அமெரிக்காவின் பழைய ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சன் எழுதிவைத்த பண்ணைக் குறிப்புகளைக்கூட எடுத்துப் படித்திருக்கிறார்.

உங்கள் அப்பாவுக்கு இந்த இடம் வரவே இல்லை. மூன்றாவது வருடத்தோடு பாதி நிலம் போய்விட்டது என்கிறீர்கள். பிரவுனுக்கு நான்காவது வருடமும் ஐந்தாவது வருடமும் கிடைத்தன. அதற்குக் காரணம் அறிவோ துணிவோ என்பதைவிட கணவன், மனைவி இருவரும் மாதாமாதம் கொண்டுவந்த சம்பளம். உங்கள் கோபம் நியாயமானது.

சரி, அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பழமொழியை நாம் வயலைவிடப் படிப்புக்குத்தான் அதிகம் சொல்கிறோம். ஆனால் வயலிலும் அது பொய்யில்லை. உழுத வருடம் பயிர் நன்றாகவே வரும். மண்ணைப் புரட்டிக் காற்றுப் பட்டதும் நுண்ணுயிர்கள் அதிலுள்ள மட்கை, அதாவது மக்கிப்போன செடி கொடியின் மிச்சத்தை, வேகமாகத் தின்கின்றன, வெளியாகும் சத்து பயிருக்குப் போகிறது. சேமிப்பை எடுத்துச் செலவழிப்பது போல. டகோட்டா புல்வெளி மண்ணில் ஒரு காலத்தில் மட்கு 7, 8 சதவீதம் இருந்ததாக பிரவுன் சொல்கிறார். பண்ணை அவர் கைக்கு வந்தபோது 2 சதவீதத்துக்கும் கீழே. மண் ஒரு மணி நேரத்தில் அரை அங்குல மழையைத்தான் குடித்தது. வருடத்துக்கே சுமார் 16 அங்குலம் மழையும் பனியும் பெறும் ஊரில், பெய்ததும் ஓடிப்போனால் என்ன மிஞ்சும்? பிற்பாடு மட்கு 5 சதவீதத்தைத் தாண்டியது, மணிக்கு 8 அங்குலம் உள்ளே இறங்கியது என்கிறார். எல்லாம் அவர் தன் பண்ணையைப் பற்றிச் சொல்லும் கணக்குகள், அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் அண்ணனிடம் மறைக்காதீர்கள். ரசாயன உரத்தை அவர் முழுக்க நிறுத்த 2008 வரை ஆயிற்று. களைக்கொல்லியை அதற்குப் பிறகும் எப்போதாவது அடித்துக்கொண்டுதான் இருந்தார். உழாமல் விட்டால் முதல் சில வருடம் விளைச்சல் குறையலாம். வெளி வருமானம் இல்லாமல் முழு நிலத்திலும் இதில் இறங்குவது சூதாட்டம் என்பது என் எண்ணம். ஒரு மூலையில் செய்து பார்க்கட்டும்.

5,000 ஏக்கர் என்பதற்காகப் பயப்படவும் வேண்டாம், அவருடைய விதைப் பட்டியலைக் காப்பியடிக்கவும் வேண்டாம். பனி விழும் ஊருக்கான பட்டியல் அது. எடுத்துக்கொள்ள வேண்டியது 2006ல் அந்த வட்டாரத்து மண்வளக் காப்பு அமைப்பு செய்த சோதனை. மழை பொய்த்த வருடம். ஒரே பயிரை மட்டும் விதைத்த பாத்திகள் வாடின. அதே பயிர்களைக் கலந்து விதைத்த பாத்தி பச்சையாக நின்றது. தண்ணீருக்கு அடித்துக்கொண்டு எல்லாமே சாகும் என்றுதான் யாரும் நினைப்போம்.

அண்ணன் நம்பாவிட்டால் பேசி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். உழுத நடு வயலில் ஒரு மண்கட்டி, வருடக்கணக்கில் கலப்பை படாத வேலியோரத்தில் ஒரு மண்கட்டி எடுங்கள். எலுமிச்சையளவு போதும். இரண்டு நாள் நிழலில் காயட்டும். இரண்டு கண்ணாடி டம்ளர் நிறையத் தண்ணீர், வாய்ப்பக்கம் சல்லடைக் கம்பியை வளைத்து வைத்து, அதன்மேல் கட்டிகள் முழுகும்படி வையுங்கள். நான் செய்தபோது வயல் கட்டி அடுப்பில் பால் பொங்கும் நேரத்துக்குள் உதிர்ந்து அடியில் சேறாக இறங்கிவிட்டது. வேலியோரக் கட்டியிலிருந்து சில குமிழிகள் வந்தன, அவ்வளவுதான். மறுநாள் காலையிலும் கம்பிமேல் உட்கார்ந்திருந்தது, தண்ணீர் தெளிவாக இருந்தது. வேர்களும் பூஞ்சை இழைகளும் விடும் பிசின்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது.

உங்கள் மண்ணில் வேறு மாதிரி வந்தாலும் எழுதுங்கள். களிமண்ணா, மணலா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.